நீல வானத்தில் லிங்கேஸ்வரன்

வியாகுலமேரியின் பத்து விரலிலும் மைதாப் பசை. முதுகு பிய்ந்த நாவல் ஒன்றை மடியில் கிடத்தி, கிழிசலில் காடாத்துணி வைத்து, காயத்துக்குக் கட்டுப் போடுவது போல இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கைப்பேசி விடாமல் டிங் டிங் என்றது. எடுக்கவில்லை. பசைக் கையோடு தொட்டால் கைப்பேசி பாழ். பாதியில் விட்டால் புத்தகம் பாழ். எல்லாரும் வாழ்த்துச் சொல்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

சுருளிப்பட்டிப் பக்கம், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே அவள் ஊர்ப்புற நூலகர். நூலகம் அரசாங்கத்துடையது, அறை லிங்கேஸ்வரனுடையது. திராட்சை விவசாயியான அவர், மனைவி இறந்த பிறகு வீட்டின் முன்னறையை வாடகையில்லாமல் நூலகத்துக்கு விட்டிருந்தார். தினமும் முதல் ஆளாக வந்து பேப்பர் படிப்பவரும் அவர்தான். பல நாள் கடைசி ஆளும் அவர்தான்.

ஊரில் பாதிப் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி, மலைமேல் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். திரும்பும்போது நூலகம் பூட்டியிருக்கும். வரமுடியாதவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து என்ன பயன்? வியாகுலமேரி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். சோறு கொதிக்கும்போதே நாவலில் ஓர் அத்தியாயத்தை வாசித்துப் பதிவு செய்து, ஜீப் கிளம்புமுன் அனுப்பிவிடுவாள். "வீட்ல பேசுறது பத்தலையாக்கும்? இப்ப மலைக்கும் கேக்கணுமா?" என்பார் கணவர் லூர்துநாதன், ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே. பெண்கள் போகும் வழியெல்லாம் கேட்பார்கள். மேலே போய்விட்டால் சிக்னல் கிடையாது. இறங்கி வந்தால்தான் மறுபடி ஊர்ச் சேதி.

குழு நன்றாக ஓடியது. அந்தத் தைரியத்தில்தான் 'இம்மாத வாசகர்' என்று ஒருவர் படத்தைப் போட நினைத்தாள். முதல் படம் லிங்கேஸ்வரன். வேறு யார் இருக்கிறார்கள்?

பேனர் அடிக்கும் சுருளிராஜனிடம் இரண்டே டிசைன்கள் இருந்தன. முதலாவது தலைவர் பிறந்தநாளுக்கானது.

"இதுல கட்சிக் கொடி இருக்குக்கா. நீங்க கவர்மெண்டு ஆளு, வம்பு வேணாம். இன்னொண்ணு பாருங்க. நீல வானம், வெள்ள மேகம், ரெண்டு புறா. வெளக்க மட்டும் எடுத்துட்டேன்."

"எந்த வெளக்கு?"

"அது ஒண்ணுமில்லக்கா."

நிறம் சாந்தமாக இருந்தது. அன்று விடிகாலையில் அத்தியாயத்தோடு படத்தையும் அனுப்பிவிட்டாள். அந்த வட்டாரத்தில் ஓர் ஆளின் படம் தனியாக வந்தால் அவர் கட்சிக்காரர், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்துவிட்டார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வாசிக்கிறார்கள்?

பசை காயுமுன் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

"யக்கா, லிங்கேஸ்வரன் அய்யா வீடு இதானா? ஐஸ் பெட்டிய எங்கன எறக்க?"

லிங்கேஸ்வரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "யாருக்குப்பா பெட்டி?"

"லிங்கேஸ்வரன் அய்யாவுக்கு."

"நாந்தான். எறக்கு, அளவு சரியா இருக்கான்னு படுத்துப் பாத்துருவோம்."

அதுவரை அது சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்து வியாகுலமேரியின் கைப்பேசியில் லிங்கேஸ்வரனின் மகள் சுபாஸ்ரீயின் அழைப்பு வந்தது. சொந்தக்காரர் யாரோ படத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவின் கைப்பேசியோ வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. திருப்பூரிலிருந்து பஸ் ஏறி, பாதி வழி வந்திருந்தாள். "அப்பா எப்பக்கா..." என்பதற்குமேல் பேச முடியவில்லை. பசைக் கையோடே கைப்பேசியை அவரிடம் நீட்டினாள் வியாகுலமேரி.

மகளைத் தேற்றிவிட்டு அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு சீராகும் வரை காத்திருந்தாள். பிறகு, "தப்பு எம்மேலதான் அய்யா," என்றாள்.

"எம் பிள்ளைய பஸ்ல ஊரே பாக்க அழ வெச்சிட்டியே மேரி. ஞாயித்துக்கெழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணிரு."

ஊரில் வேறு இடம் இல்லை. இடமில்லையென்றால் புத்தகங்கள் மூட்டையாக டவுனுக்குப் போகும். நூலகம் அதோடு முடிந்தது. கெஞ்சியிருக்கலாம். கொதிப்பில் இருப்பவரிடம் கெஞ்சினால் கொதிப்புத்தான் ஏறும். படத்தை நீக்கி, குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பிரஷர் மாத்திரை போட்டாரா என்று அவரிடம் கேட்டாள். பிறகு மளிகைக்கடைக்குப் போய் அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்தாள்.

ஆனால் மலைமேல் அவர் இன்னும் செத்துத்தான் இருந்தார். மாலையில் ஜீப் ஒப்பாரியோடு இறங்கி வந்தது. அழுத அழுகையில் கைப்பேசியை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ரோஜா மாலையோடு முதலில் குதித்தவள் ஜக்கம்மா, பெண்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவள். கதவைத் திறந்தது லிங்கேஸ்வரன். பின்னால் மகள். ஒப்பாரி அப்படியே நின்றது.

"அண்ணே! நீங்க சாகலையா?"

"செத்தவன் கதவத் தெறப்பானா?"

"அப்ப இந்த மாலைய என்ன செய்ய? கம்பத்துல பேரம் பேசி வாங்கிட்டு வந்தோம்!"

அழுது வீங்கிய முகத்தோடு சுபாஸ்ரீ சிரித்துவிட்டாள். எல்லாருக்கும் டீ போட உள்ளே போனாள். ஜக்கம்மாவின் கண் முன்னறைக்குப் போனது.

"என்னக்கா, புத்தகத்தயெல்லாம் பெட்டியில போடுறீக?"

வியாகுலமேரி நடந்ததைச் சொன்னாள்.

"அண்ணே, ஒங்க கோவம் நாயந்தான்," என்று திரும்பினாள் ஜக்கம்மா. "காலி பண்ணச் சொல்லுங்க. ஆனா கத பாதியில நிக்குது. அந்தப் பிள்ள புருசன் வீட்ட விட்டுப் போனாளா இல்லையான்னு தெரியாம நாங்க எப்படிக் காய் எடுக்க?"

"எந்தக் கத? இங்கன வாரது நான் ஒருத்தன்தான."

"நாங்க வரல. கத ஜீப்புக்கு வருதுல்ல."

கைப்பேசியைத் தட்டினாள். வியாகுலமேரியின் குரலும், நடுவே சோற்றுப்பானை மூடியும், ஆட்டோ ஹாரனும் கேட்டன. லிங்கேஸ்வரன் கடைசிவரை கேட்டார். அவர் இரண்டு முறை படித்த நாவல் அது.

"வாசிக்கிறியா, பஸ்ஸுக்கு ஓடுறியா? மூச்சு விட எடம் வேணாமா மேரி?"

"ஒலையும் பாக்கணும், கதையும் பாக்கணும்யா."

"அது கெடக்கட்டும். போனாளா, இல்லையாண்ணே?" என்றாள் ஜக்கம்மா.

"சொல்ல மாட்டேன். ஜீப்பு எப்பக் கெளம்பும்?"

மறுநாள் இருட்டு பிரியுமுன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவரே முன்னறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார். வியாகுலமேரி கைப்பேசியை அவர் வாயருகே பிடித்தாள். "லிங்கேஸ்வரன் பேசுறேன். உசுரோடதான் இருக்கேன்," என்று தொடங்கி, ஒவ்வொரு வரிக்கும் நின்று நிதானமாக வாசித்தார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். "இருய்யா, கத ஏறட்டும்!" என்று அதட்டினாள் ஜக்கம்மா.

கதை குழுவில் ஏறியது, ஜீப் கிளம்பியது. வியாகுலமேரி பெட்டிகளைப் பிரித்தாள். அவருக்கு மூட்டுவலி, குனிய வேண்டாம் என்று மேல்தட்டை அவரிடம் விட்டுவிட்டு, கீழ்த்தட்டுகளை இவள் அடுக்கினாள்.