சஷ்டி விரதமும் சுகர் மாத்திரையும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், கண்டிக்கு அருகே குண்டசாலையில் நடந்தது இது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. காலையும் மாலையும் கோயிலில் பதிகம் ஓத மணிக்கணக்கில் அமர்ந்தே பழகிய உடம்பு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவள். என் போன்ற பெண்களுக்காக வாரம் மூன்று நாள் பொது மண்டபத்தில் உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி ஒருவர் நடத்தினார்; அவரை எல்லோரும் 'மிஸ்' என்போம். கதிரையில் அமர்ந்தபடியே கால்களை நீட்டி மடக்குவோம். தண்ணீர்ப் போத்தல்களை எடையாகத் தூக்குவோம். எதை, எவ்வளவு உண்பது என்பதையும் அவரே எழுதித் தருவார். தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்காமல் விடமாட்டார்.

பக்கத்து வீட்டுத் தோழியை அவ்வகுப்பில் சேர்த்தவள் நான்தான். நெடுங்காலமாக நீரிழிவு உள்ளவர்; நான்கே மாதத்தில் அது கட்டுக்குள் வந்திருந்தது. கைகளை உயர்த்தும்போதெல்லாம், "என் மக பார்த்தா, அம்மாவுக்கு சாமி வந்துருச்சுன்னு தேங்கா உடைச்சிருவா டீச்சர்" என்று எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

சஷ்டி விரதம் தொடங்கிய காலை, வகுப்புக்கு நடக்கும் வழியில் அவர் தயங்கினார்.

"நானும் விரதம் இருக்கேன். வெறும் வயித்தோட போனா மிஸ் ஏசுவாங்களே?"

"சாப்பிட்டேன்னு சொல்லிருங்க. மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்க."

"அத அப்பவே போட்டுட்டேன்."

எத்தனையோ ஆண்டுகள் நோன்பிருந்தும் எனக்கு ஒன்றும் நேர்ந்ததில்லை. என் நோய் வேறு, அவர் நோய் வேறு என்பது என் அறிவுக்கு எட்டவில்லை. தாதி கேட்டபோது, "ரெண்டு இடியப்பம், சொதி" என்றார் தோழி. அருகில் நின்ற நான் தலையாட்டினேன்.

பாதிப் பயிற்சியில் அவர் கையிலிருந்த போத்தல் விழுந்தது. உடலெல்லாம் வியர்வை, நாக்குக் குழறியது. கதிரையிலிருந்து அப்படியே சரிந்தார்.

"சாப்பிட்டுத்தானே வந்தாங்க? அப்ப சுகர் இறங்கியிருக்காது. நெஞ்சுவலியோ என்னவோ, ஆட்டோவைக் கூப்பிடுங்க!" என்று பதறினார் தாதி.

விடை என்னிடம் இருந்தது. ஆனால் இருபது பெண்கள் நடுவே, கோயிலில் எல்லோரும் வணங்கும் 'டீச்சர்' பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தாள் என்று எப்படிச் சொல்வேன்? வாய் திறக்கவில்லை. தோழியின் கண்கள் செருகின. அப்போதுதான் அலறினேன்.

"அவங்க சாப்பிடல! மாத்திரை போட்டிருக்காங்க! நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்!"

"சீனி! சீனியக் கொண்டாங்க!"

தேநீருக்கு வைத்திருந்த சீனியைக் கரைத்து, அவரை நிமிர்த்தி, சிறிது சிறிதாகப் பருக்கினார் தாதி. நல்லவேளை, விழுங்க முடிந்தது. சில நிமிடங்களில் கண் விழித்து என் பெயரைச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் போயிருந்தா விழுங்கக்கூட முடிஞ்சிருக்காது டீச்சர்" என்றார் தாதி. அதற்குமேல் அவர் என்னை ஏசவில்லை.

பிறகு அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓடிவந்த அவர் மகள், "நல்லகாலம், நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்று என் கைகளைப் பற்றிக்கொண்டாள். நின்ற இடத்திலேயே நடந்ததைச் சொன்னேன். மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

தோழி என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அவர் உயிர் ஊசலாடியபோது, என் மதிப்பை எண்ணி எவ்வளவு நேரம் பேசாதிருந்தேன் என்று அவர் இதுவரை கேட்டதில்லை, கேட்டால் என்ன சொல்வேன் என்ற அச்சமும் என்னை விட்டு இன்னும் நீங்கவில்லை.