முத்துக் கோத்தவளின் கொண்டை

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையின் மாடியறையில் அஞ்சலை முத்துக் கோத்தாள். ஜப்பான் ஏரியில் சிப்பிக்குள் வளர்த்தெடுத்த முத்து, அரிசி மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். உருண்டு ஓடிவிடும் என்று காற்றாடி போடமாட்டார்கள். தெருவில் தெறித்துவிடும் என்று ஜன்னலையும் திறக்கமாட்டார்கள். வேர்வையில் நூல் வழுக்க வழுக்க, முத்துக்கொரு முடிச்சுப் போடுவாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். சாயங்காலத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது முதலாளியம்மா சௌந்தரம் படியடியில் சீப்போடு வந்து நிற்பாள். கொண்டைக்குள் முத்தை ஒளித்திருக்கிறாளா என்று பார்க்க, முடியை அவிழ்த்து உதறி வாரிக் காட்டவேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு சுமங்கலி தலைவிரிகோலமாக நிற்கலாமா? தன் வீட்டு மருமகளை அந்த அம்மா அப்படி நிற்கவிடுவாளா?

வேலையை விடவும் வழியில்லை. அஞ்சலையின் புருஷன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தார்.

1963 தைப்பூசத்தன்று, புருஷனுக்காக வேண்டுதல் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, இடுப்புவரை தொங்கிய முடியை மழித்துக்கொண்டாள். நிஜக் காரணம் முருகனுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம், சந்தனம் பூசிய மொட்டைத் தலையை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கினாள்.

"இனி எத வாரிப் பாப்பீங்க, முதலாளியம்மா?"

சௌந்தரம் அந்தத் தலையை ஒரு நிமிஷம் பார்த்தாள். சீப்பை மேசைமேல் வைத்துவிட்டு, டார்ச் லைட்டை எடுத்தாள்.

"சரி லா. வாயத் தொற."