மீட்டர் பாதியாக இறங்கிய வீடு

ஒரு திங்கட்கிழமை காலை, ஜன்னல்காரர்கள் பழைய சட்டங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, சுவிட்ச் மாமாவின் அக்கா வீட்டைவிட்டுப் போனாள். சண்டை எதுவும் இல்லை. நீராவி இஸ்திரிப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, தேய்க்கும் மேசையின் கால்களை மடக்கி, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஒருமுறை படியேறி வந்தாள்.

"என் பெட்டியாலதான் மீட்டர் இப்படி ஓடுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்த. இனிமே நிம்மதியா இரு தம்பி."

அதில் குத்தல் இருந்ததா என்று மாமா யோசிப்பதற்குள் ஜன்னல்காரர் ஒருவர் சுத்தியலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை.

மாமாவுக்கு மருந்துக் கடையில் வேலை. காலாவதித் தேதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் ஒரு தைலக் குப்பியைக்கூடக் கை மாற்றமாட்டார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் நம்பிக்கை. அதனால்தான் சங்கச் செயலாளர் பதவி அவரைவிட்டு நகரவேயில்லை. பகலில் மாடிப்படி விளக்கு எரிந்தால் அவருக்கு வயிறு எரியும். விருந்துக்குப் போன வீட்டிலும், ஆளில்லாத அறையில் ஓடும் விசிறியை எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்துதான் இலையோ தட்டோ, அதன்முன் உட்காருவார். 'சுவிட்ச் மாமா' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அக்கா முன்னறையில் நின்று ஒரு விடுதிக்கு விரிப்புகளும் சீருடைகளும் தேய்த்துக் கொடுப்பாள். தண்ணீர் குடிக்க நகர்ந்தாலே இவர் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். வந்து பார்த்தால் பெட்டி ஆறிக் கிடக்கும். "என் பெட்டிமேல உனக்கு என்னடா அப்படி ஒரு வஞ்சம்?" என்று சிரிப்பாள். கடைசி மாதங்களில் அந்தச் சிரிப்பும் நின்றுபோயிருந்தது.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் அவருடைய வெகுநாள் கனவு. வெயில் உள்ளே வராது, ஏசியின் குளிர் வெளியே போகாது, கட்டடம் முழுக்கப் போட்டுவிடலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். முதலில் செயலாளர் வீட்டில் போட்டுப் பார்ப்போம், மீட்டர் இறங்கினால் நாங்களும் போடுகிறோம் என்று மற்றவர்கள் நழுவினார்கள்.

அடுத்த கணக்கெடுப்பில் மீட்டர் இறங்கியது, பாதிக்குப் பாதி. படிக்கட்டின் கீழிருந்த மீட்டர் பெட்டியைச் சுற்றிச் செருப்பும் துண்டுமாகக் கூட்டம் கூடியது. மாமா மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"அக்கா போனதையும் சேத்துச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி, அன்று சாப்பிடும்போது.

"எல்லாரும் பாத்துக்கிட்டுதானே இருந்தாங்க? கேட்டா சொல்றேன்."

ஒருவரும் கேட்கவில்லை. அக்கா போனதையும் மீட்டர் இறங்கியதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

எல்லா வீட்டிலும் ஜன்னல் மாறியது. மீட்டர்களும் இறங்கத்தான் செய்தன, கொஞ்சமாக. யாராவது வந்து சட்டையைப் பிடிப்பார்கள் என்று காத்திருந்தார்; பதிலும் தயாராக வைத்திருந்தார். மேல்வீட்டு டீச்சர்தான் வந்தார், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு.

"உங்களுக்கு இறங்கின மாதிரி எங்களுக்கு இறங்கல சார். நாங்கதான் ஒழுங்கா இல்ல போல. எங்க தப்பு நடக்குதுன்னு வந்து பாத்துச் சொல்றீங்களா?"

போனார். புது ஜன்னல்கள் மூடியிருந்தன, ஏசி அணைந்திருந்தது. டீச்சரின் அப்பா பனியன் நனைய உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். மீட்டர் செயலாளர் வீட்டு அளவுக்கு இறங்கவேண்டுமாம், மகளுடைய உத்தரவாம்.

"அது என்ன தம்பி, உங்க வீட்டு ஜன்னலுக்கு மட்டும் தனியா காதுல ஏதாவது சொல்லி வச்சீங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

அக்கா போனதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கடையில் மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு நிற்பவர்களைப்போல.

"ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்காதீங்க" என்றார் மாமா.

டீச்சர் தலையாட்டினார். இறங்கி வரும்போது மாடிப்படி விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கக் கை எழவில்லை.

மனைவி மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அது அவரை இன்னும் சுட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினார். தள்ளித் தள்ளியே நாள் ஓடியது. அக்கா ஒருமுறை பார்க்க வருவதாகச் சொன்னபோது வீட்டில் பெயிண்ட் அடிக்கிறோம் என்றார். இன்னொருமுறை, மனைவிக்குக் காய்ச்சல் என்றார். அவளைப் படியில் பார்த்தால் யாருக்காவது பொறி தட்டிவிடுமோ என்ற பயம். கூடப்பிறந்தவளை வாசலுக்கு வரவிடாமல் பொய் சொல்கிறோமே என்று போனை வைத்த பிறகு தன்மேலேயே கூசிப்போவார். கூட்டங்களில் அவரை முன்வரிசைக்குக் கூப்பிட்டால் கடைசி நாற்காலியைத் தேடிப் போனார். அடக்கம் என்று அதையும் மெச்சினார்கள்.

இரண்டு கோடைகள் கழிந்து ஒரு மத்தியானம், மருந்துக் கடையில் கூட்டம் நெரிந்தபோது, அக்காவிடமிருந்து செய்தி வந்தது.

"தம்பி, உங்க மேல்வீட்டு டீச்சரை நேத்து பஸ்ல பாத்தேன். மீட்டர் அப்படி ஓடினதுக்குப் பழைய ஜன்னல்தான் காரணம்னு நீயே எல்லார்கிட்டயும் சொன்னியாமே. இத்தனை நாளா என்னாலதான்னு நெனச்சு மருகிக்கிட்டு இருந்தேன்டா. இங்க தனியா இருக்க முடியல. நான் மறுபடி அங்கயே வந்துடட்டுமா?"