எடை குறைந்த டிரைவர்

கார் வாங்கப் போகிறோம் என்று என் கணவர் சொன்ன நாளிலிருந்து நான் மனசுக்குள் டயமண்ட் ஹார்பர் போய் ஆற்றங்கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கார் என்றால் குடும்பம் ஏறும், பின் சீட்டில் சாப்பாட்டுக் கூடை இருக்கும் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? அதனால் டாலிகஞ்ச் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்ற சாமானை நான் நம்ப முடியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இரண்டே கதவு. பின் சீட் இல்லை. சீட் இருந்த இடத்தில் வெறும் தகரம், அதில் துரு தின்ற ஓட்டை, ஓட்டை வழியாக எங்கள் தெரு.

"பின் சீட் எங்க?" என்றேன்.

"கழத்தியாச்சு. வெயிட்டுல்லா."

"அப்ப நாம எங்க உக்காருறது?"

"இதுல யாரும் உக்கார மாட்டாங்க. இது ரேசுக்கு."

நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனிதர் கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் தளத்தில் இன்ஜினியர். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து, கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த என்னைக் கட்டிக்கொண்டவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் வெளியே போவார். அவருக்கும் ரேசுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நகரத்துக்கு வெளியே, யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளத்தில், குளிர்காலத்தில் ஒரு மோட்டார் கிளப் ரேஸ் நடத்தியது. ஆபீஸ் போகிறவர்கள், கடைக்காரர்கள், டாக்டர்கள் என்று யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். கப்பல் தளத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் இவரை வேடிக்கை பார்க்க அழைத்துப் போயிருக்கிறார். வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?

கார் தேடிய கதையை அப்புறம்தான் சொன்னார். அம்பாசிடர் கிடைத்ததாம், ஆனால் ஆனை கனம். இன்னொரு சின்னக் கார் நன்றாக ஓடியதாம், ஆனால் அதன் உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வார்த்தது போலிருக்கும், பிரித்து வேலை செய்ய முடியாது. இதிலோ மேலுடம்பைத் தூக்கித் தனியே வைத்துவிடலாம், அடியில் சட்டம் மட்டும் நிற்கும். "எதை வேணும்னாலும் மாத்திக்கிடலாம்" என்று என் தங்கை தலைப்பிரசவத்தில் பிள்ளையைத் தூக்கிக் காட்டியது போலச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு காரின் அடிவயிற்றையும் பார்த்தாராம். எனக்குத் தெரிந்த மனிதர்தானா இவர் என்று அப்போதே ஒரு சந்தேகம் வந்தது.

கிடர்பூரில், துறைமுகத்துக்குப் போகிற லாரிகளைப் பழுது பார்க்கும் ஒரு வங்காளி மெக்கானிக்கின் கொட்டகையில் கார் ஒரு வருஷம் கிடந்தது. சனி, ஞாயிறு என்றால் இவரும் அங்கேயே கிடந்தார். கதவுக்குள் இருந்த மெத்தை போயிற்று. ஸ்டெப்னி போயிற்று. ஹீட்டர், ரேடியோ வைக்கிற தட்டு, கண்ணாடியைச் சுழற்றி இறக்குகிற கைப்பிடி எல்லாம் போயின. எஞ்சினைப் பிரித்து, தலைப்பகுதியைத் தேய்த்து, மறுபடி பூட்டினார்கள். இரண்டு ரிம்மை வெட்டி ஒன்றாக ஒட்டி அகலச் சக்கரம் செய்தார்கள். வெல்டிங் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டால் இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருப்பார்களாம். இவருக்கு வங்காளி மொழி அரைகுறை. பெயர்ச்சொல் மட்டும் பேசுவார், வினைச்சொல்லுக்குக் கையை ஆட்டுவார். நான் வந்து பேசட்டுமா என்று கேட்டதற்கு, "கொட்டகையில உனக்கென்ன வேலை?" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் மார்கழிக் குளிரில் ஒரு நாள் அவரே என்னைக் கிடர்பூருக்கு அழைத்துப் போனார். கொட்டகைக்குப் பக்கத்துக் கிடங்கில் சணல் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. அதில் என்னை ஏறி நிற்கச் சொன்னார். பட்டப்பகலில், கூலிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பேங்க் வேலை பார்க்கிற ஒரு பெண் சணல் மூட்டைத் தராசில் நின்றாள். மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "வாஹ், பௌதி!" என்று ரொம்ப சந்தோஷப்பட்டார். அண்ணி என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே மூட்டை நிறுக்கிறார்கள்.

"கார்ல மிச்சம் இருக்கிற பெரிய வெயிட்டு நான்தான்" என்றார் என் கணவர். "அதனால நீதான் ஓட்டப் போற."

கார் ஓட்டத் தெரியும்தான், கல்யாணத்துக்கு முன்பே அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். டாலிகஞ்ச் சந்தை நெரிசலில் ஓட்டி யார் மேலும் மோதாமல் வந்தால் அதற்குப் பெயர் ரேஸா? "எடை கொறச்சல்னு சொல்லுதீங்களா, இல்ல என்னை நம்பித்தான் குடுக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் தராசின் கல்லை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஓடுதளத்தில் பழகுவதற்காக ஓட்டிய நாட்களில் எல்லாம் பயம்தான். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகி, கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டினால் என் மூச்சுச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்கும். தகர டிரம் அடுக்கிய திருப்பம் வரும்போது கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியிருக்கிறது. ஆனால் இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்குவேன். ஒரு வருஷ உழைப்பை நம் கையில் கொடுத்திருக்கிறார், அது நம்பிக்கை இல்லாமல் வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டும் பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஏறினேன்.

ரேஸ் நாள் வந்தது. காரை லாரியில் ஏற்றி நாங்கள் முன்னால் வந்துவிட்டோம். மெக்கானிக் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார், ஆனால் ஊருக்குள் ஏதோ ஊர்வலம், பஸ் நின்றுவிட்டது. அவருக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டேன். "எல்லா வேலையும் முடிஞ்சுட்டு. நீ ஏறு" என்றார் இவர். ரேசுக்கு முன் எல்லோரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். நான் ஏறினேன்.

நீளமான நேர் பாதையில் கார் நன்றாகத்தான் போனது. திருப்பம் நெருங்கும்போது என் இடது பக்கத்தில் ஒரு சக்கரம் தனியாக உருண்டு என்னை முந்திக்கொண்டு போனது. யாருடைய சக்கரமோ கழன்றுவிட்டது, பாவம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அடுத்த கணம் காரின் முன்பக்கம் இடது பக்கமாகத் தரையில் உட்கார்ந்தது, தகரம் தேய்கிற அலறல், தீப்பொறி, ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கியது, ஓடுதளம் போய்ப் புல் வந்தது, அப்புறம் சத்தமே இல்லை.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், எல்லாம் இருந்தன. நிமிர்ந்து பார்த்தால் என் கணவர் ஓடி வருகிறார். நான் கையை உயர்த்தினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரைத் தாண்டி ஓடினார். சக்கரத்தின் பின்னால் ஓடுகிறார்! என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெண்டாட்டி இருக்கிறாளா போனாளா என்று பார்க்காமல் வெட்டி ஒட்டிய ரிம்மைக் காப்பாற்றப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் சக்கரம் போகிற திசையைப் பார்த்தேன். புல்லில் ஜமக்காளம் விரித்து ஒரு வங்காளிக் குடும்பம் வெயிலில் உட்கார்ந்து கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு நடுவில் ஒரு கைக்குழந்தை படுத்திருந்தது. என் கணவர் குறுக்கே போய் நின்றார். சக்கரம் அவர் காலில் மோதி, அவரைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாய்ந்து விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது என்று இன்றைக்கும் சொல்வேன், அவ்வளவு தூரத்தில் கேட்டிருக்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மெக்கானிக் ஓடி வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. சக்கரம் மட்கார்டில் இடிக்கிறதா என்று பார்ப்பதற்காக அதன் நட்டை முந்தின நாள் லேசாகத்தான் முடுக்கி வைத்தாராம். நீளக் குழாயை மாட்டி அழுத்தி முடுக்குவதை ரேஸ் அன்று காலையில் செய்ய இருந்தாராம். "நான்தான் தாதாவிடம் சொன்னேனே" என்று அழுதார். தாதா என்றால் அண்ணன், என் கணவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்ன சொன்னீங்க?" என்று வங்காளியில் கேட்டேன்.

"தாதா, 'நட் டைட் கொபே?' என்று கேட்டார். நான் 'கால்' என்றேன்."

எனக்குப் பிடிபட்டுவிட்டது. நட் முடுக்குவது எப்போது என்று ரேசுக்கு முந்தின நாள் வினைச்சொல் இல்லாமல் கேட்டிருக்கிறார் இவர். வங்காளியில் நேற்றுக்கும் கால்தான், நாளைக்கும் கால்தான். முடித்தேன் என்றோ, முடிப்பேன் என்றோ வினைச்சொல் வந்தால்தான் எது என்று தெரியும். மெக்கானிக் நாளைக்கு என்று சொன்னார், இவர் நேற்று என்று கேட்டுக்கொண்டார். நான் கொட்டகைக்குப் போயிருந்தால் ஒரே நிமிஷத்தில் தெளிந்திருக்கும். கோபம் வந்தது, ஆனால் மாவுக்கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவரிடம் என்ன சண்டை போடுவது?

அவர்தான் ஆரம்பித்தார். "நீ ஒண்ணு கேட்டியே. எடையா, நம்பிக்கையான்னு."

"ஆமா."

"ரெண்டும் இல்ல." மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டு பேசினார். "வண்டி முடிஞ்சதும் மொதல்ல நான்தான் ஓட்டிப் பாத்தேன். நீ பேங்குக்குப் போயிருந்த. அந்தத் திருப்பத்துல பயந்துபோய் நடுவுலயே நிறுத்திட்டேன். எறங்கி வாந்தி எடுத்தேன். ஒரு வருஷமா கட்டின வண்டி, விக்க மனசு வரல. வெயிட்டுன்னு சொன்னா நீ ஏறுவன்னு தெரியும்."

"உங்களுக்குப் பயமா இருந்த வண்டியில என்னை ஏத்துனீங்களா?"

"ஒனக்குத்தான் பயமே கெடையாதுல்லா" என்றார். "ஒவ்வொரு தடவையும் சிரிச்சிக்கிட்டுல்லா எறங்குவ. அதைப் பாக்கத்தான் நான் வந்து நிப்பேன்."

"எனக்கும் பயந்தான். ஒவ்வொரு தடவையும். நீங்க என்னை நம்பிக் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சுத்தான் ஏறுனேன்."

அவர் விசிறியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் தமிழ் ஒரு வார்த்தையும் புரியாத மெக்கானிக் பயந்துபோய் எழுந்து, நர்ஸைக் கூப்பிடட்டுமா பௌதி, தாதாவுக்கு வலி அதிகமாகிவிட்டதா என்று கேட்டார்.