காலால் திருப்பும் வண்டி

இருபத்தாறு வருடமாகப் பஸ் ஓட்டும் கைகளே அவருக்கு எமனாக வந்து சேர்ந்தன. விமானம் ஓட்டப் பழக வந்து இது நான்காவது பாடம். இன்னும் தரையை விட்டுக் கிளம்பியபாடில்லை.

தரையில் உருளும்போது விமானத்தைக் காலால்தான் திருப்ப வேண்டும். கையில் இருக்கிற சக்கரம் மேலே போன பிறகுதான் உதவும். இது அவர் மண்டைக்குப் புரிந்தது. பாழாய்ப்போன கைக்கு எங்கே புரிந்தது? அவர் சக்கரத்தை ஒடித்து ஒடித்துத் திருப்ப, விமானம் தன் பாட்டுக்குப் புல்தரையில் இறங்கியது.

"வண்டி மேயப் போகுது சார்!" என்று கத்தினார் பயிற்சி ஆசிரியை. அந்தப் பெண்ணுக்கு இவருடைய மகள் வயசுதான் இருக்கும். "நாலு நாளா தொண்டை கிழியச் சொல்றேன். அந்தக் கையைத் தொடைக்கு அடியில வச்சு உட்காருங்க!"

பல்லைக் கடித்துக்கொண்டு கைகளின் மேல் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் விமானம் மஞ்சள் கோடு பிசகாமல் உருண்டது.

மறுநாள் காலை டிப்போவிலிருந்து பஸ்ஸை எடுத்தார். வாசல் திருப்பத்தில் இடது காலால் அழுத்தமாக மிதித்தார். பஸ் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

கண்டக்டர் ஓடி வந்தார். "அண்ணே, கை எங்கண்ணே?"

இரண்டும் தொடைக்கு அடியில் பத்திரமாக இருந்தன.