கடைசி வரிக்கு ஜிலேபி இல்லை

இலையில் ஜிலேபி விழும்போதெல்லாம் எனக்கு ஒரு கணினித் திரை நினைவுக்கு வரும். சாம்பல் நிறத் திரை, அதன் நடுவே சின்னதாக ஒரு பெருக்கல் குறி. தொண்ணூறுகளின் பிற்பாதியில், தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், சித்தப்பாவும் நானும் தினமும் பார்த்து விழித்த திரை அது. வங்கி வேலையை உதறிவிட்டு அவர் தொடங்கிய மென்பொருள் நிறுவனத்தில் மொத்தமே நாங்கள் இருவர்தான்.

பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸை ஏற்றியிருந்தோம். கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள்தான் வரும். 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று தட்டினால் சாம்பல் திரை எழும். அதில் என்னென்ன ஜன்னல்கள் திறக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுதியிருப்போம். வரியின் முடிவில் & போட்டால், அந்த வேலை முடியும்வரை காத்திராமல் கணினி அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசி வரிக்கு மட்டும் போடக் கூடாது. அது ஓடும்வரைதான் திரை நிற்கும்; அதற்கும் போட்டால், எல்லா வேலையும் முடிந்ததென்று கணினி திரையையே அணைத்துவிடும். அந்தச் சுழித்த குறிக்கு ஜிலேபி என்று பெயர் வைத்தவர் சித்தப்பா. சாப்பாட்டு விஷயத்தில்தான் அவருக்குக் கற்பனை பொங்கும்.

மயிலாப்பூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அச்சக முதலாளி ஒருவர், எங்கள் தமிழ் மென்பொருளைப் பார்க்க வருவதாகச் சொன்னார். "இதுவும் கையை விட்டுப் போச்சுன்னா பேசாம கடையை மூடிட்டு வேற வேலை தேடுங்க," என்று சித்தி சொல்லிவிட்டாள். எதற்கும் எதிர்வாதம் செய்கிற சித்தப்பா அன்று தலையை மட்டும் ஆட்டினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதலாளி வந்து உட்கார்ந்தார். தட்டினேன். சாம்பல் திரை வந்தது, மூலையில் கடிகாரம் வந்தது, தமிழ் ஜன்னல் எட்டிப் பார்த்தது. மறுநொடி எல்லாம் அணைந்து கறுப்பு. மறுபடி தட்டினேன். மறுபடி அதே கூத்து.

"இன்னா சார், படம் போட்டவுடனே இன்டர்வெல் உட்டுட்டீங்க?" என்றார் முதலாளி.

வியர்த்து வழியக் கோப்பைத் திறந்தேன். நான் வெறுமனே விட்டிருந்த கடைசி வரியின் முடிவில் கொழுகொழுவென்று ஒரு ஜிலேபி.

சித்தப்பா செருமினார். "நான்தாம்மா காலையில போட்டேன். எல்லா இலைக்கும் வச்சுட்டு கடைசி இலையை விட்டுட்டியேன்னு..."

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் பீறிட்டது. உறவுக்காரர் கல்யாணங்களில் பந்தியின் கடைசி இலைவரை ஓடி ஓடிப் பரிமாறுகிற மனிதர், வேறென்ன செய்வார்? விஷயத்தை விளக்கியதும் முதலாளி நாற்காலி குலுங்கச் சிரித்தார்.

"அப்ப, பந்தி முடியற வரிக்கும் ஒருத்தன் துன்னாம நிக்கணும்னு சொல்லு. கல்யாண வேலைன்னா அதானேம்மா!"

ஜிலேபியை அழித்துவிட்டுத் தட்டினேன். திரை நின்றது. முதலாளி ஒற்றை விரலால் தன் மகளின் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போகுமுன் ஆர்டரும் கொடுத்தார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சித்தப்பா கத்தியேவிட்டார், கீழே பாத்திரக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.

இப்போதெல்லாம் கணினியைத் திறந்தால் எல்லாம் தானாகவே வந்து நிற்கிறது. சித்தப்பா ஆதம்பாக்கத்தில், சர்க்கரை நோயோடு சௌக்கியமாக இருக்கிறார். போன தீபாவளிக்கு சித்தி வரிசையாக எல்லா இலைக்கும் ஜிலேபி வைத்துக்கொண்டே வந்து, கோடியில் இருந்த அவர் இலையை மட்டும் தாண்டிப் போனாள். பேரன் பொறுக்காமல், "தாத்தாவுக்கு?" என்றான்.

சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நான் கடைசி வரிடா. எனக்குப் போட்டா மொத்தமும் அணைஞ்சுடும்!"