ஸ்காட்லாந்தில் போட்ட வாக்கும் சுவிட்சர்லாந்தில் உயராத கைகளும்

2007 அக்டோபரில் சுவிட்சர்லாந்து போய் வந்ததைப் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று பின்னூட்டத்தில் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். எழுதினேன். ஒவ்வொரு முறையும் பாதியிலேயே மலையும் ரயிலும் காணாமல் போய் வெறும் திட்டலாக மிஞ்சியது, அழித்துவிட்டேன். இப்போது 2009 ஜூலை. போன மாதம் அங்கிருந்து வந்த ஒரு தொலைபேசிக்குப் பிறகு, கோபத்தோடேயே எழுதினால் என்ன என்று தோன்றிவிட்டது. மலைப் படம் பார்க்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில், விசா விவரமெல்லாம் இடையிலும் கடைசியிலும் வரும்.

புதிதாக வருகிறவர்களுக்காக: நான் சுமதி, திருச்சிக்காரி. எடின்பரோவில் குடிநீர்க் குழாய் வடிவமைக்கும் அலுவலகத்தில் பொறியாளர். இந்தியப் பாஸ்போர்ட்.

பயணத்துக்குக் காரணம் ஸ்காட்லாந்துதான். அந்த வருடம் மே மாதம் இங்கே நாடாளுமன்றத் தேர்தல். காமன்வெல்த் நாட்டவள் என்பதால் எனக்கும் வாக்கு உண்டு. ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுவதற்குள் சென்னைக்கு வேலைக்குப் போய், அங்கே ஏறுவதற்குள் கப்பல் ஏறாத குறையாக இங்கே வந்து சேர்ந்தவள் நான். அதனால் முப்பத்திமூன்று வயதில், ஒரு சர்ச் ஹாலில், நனைந்த குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் போட்டதுதான் என் வாழ்க்கையின் முதல் வாக்கு.

அந்தத் தாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே தாளில் இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு பெருக்கல் குறி. அன்றைக்கே உள்ளாட்சித் தேர்தலும். அதற்கு வேறு தாள், அதில் பெருக்கல் குறி போடக் கூடாது, ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட வேண்டும். மறுநாள் பார்த்தால் லட்சத்துக்கும் மேலான தாள்கள் செல்லாதவை. முதலில் வந்த கட்சி ஒரே ஒரு இடத்தில்தான் முந்தியிருந்தது. சில தொகுதிகளில் ஜெயித்தவரின் வித்தியாசத்தைவிடத் தள்ளிய தாள்கள் அதிகம். டிவியில் வந்தவரெல்லாம் மக்களுக்குப் புரியவில்லை என்றார்கள். தாளை அச்சடித்தவருக்கு மூளை இல்லை என்று சொல்ல ஆளில்லை. என் தாள் எந்தக் குவியலில் விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதைப் பற்றி அப்போது ஒரு பதிவு போட்டேன். அதற்கு வந்த பின்னூட்டங்களில் ஒன்று ரெஜினா என்பவருடையது. 'உங்களுக்குக் கோவம் வாறது சரி. ஆனா நீங்கள் அந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷம், உங்களுக்கு வாக்கிருக்கு. நான் சுவிஸுக்கு வந்து பத்தொன்பது வருஷம். எனக்குக் கோவப்படக்கூட ஒரு தாள் இல்லை.'

பதில் எழுதினேன், அவரும் எழுதினார், பிறகு போனில் பேசினோம். மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். வின்டர்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. வீடு, நகரத்துக்கு வெளியே பஸ்ஸில் போகும் ஒரு சிறிய ஊரில். பெயர் வேண்டாம். அக்டோபரில் அந்த ஊர்க்கூட்டத்தில் அவருக்குக் குடியுரிமை கொடுப்பதா இல்லையா என்று வாக்கெடுப்பு. கூட யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். கணவர் இருக்கிறாரே என்றேன். "அவர் விண்ணப்பிக்கவே மாட்டன் எண்டுட்டார். என்னை ஆரும் கை தூக்கி அளக்கத் தேவையில்லை எண்டு சொல்லுறார். கூட்டத்துக்கும் வரமாட்டாராம்."

சரி, வருகிறேன் என்றேன்.

லண்டன் மாறி, செவ்வாய்க்கிழமை மதியம் சூரிச்சில் இறங்கினேன். ஜூன் கடைசியில் கிளாஸ்கோ விமான நிலையத்தில் எரியும் ஜீப்பைக் கொண்டுபோய் மோதினார்களே, அந்தக் கோடைக்குப் பிறகு நான் ஏறும் முதல் விமானம். மோதியவர் ஒரு இந்தியப் பொறியாளர். கடவுச்சீட்டுப் பார்த்த அதிகாரி இந்தியா, பொறியாளர், ஸ்காட்லாந்து என்று மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததும் நிமிர்ந்தார். கிளாஸ்கோவா என்றார். எடின்பரோ என்றேன். ஏதோ நான் ஊரை மாற்றிச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ரெஜினா அக்காவுக்குக் கொண்டுபோன மோர்மிளகாயை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மன்னிக்கவும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

வெளியே வந்தால் ரயில் நிலையத்தில் அந்தச் சுவரொட்டி. அந்த மாதம் அங்கே நாடாளுமன்றத் தேர்தல். சிவப்புக் கொடியின் மேல் மூன்று வெள்ளை ஆடுகள். அதில் ஒன்று ஒரு கறுப்பு ஆட்டைக் காலால் உதைத்துக் கொடிக்கு வெளியே தள்ளுகிறது. சின்னப் பிள்ளைகளின் படப்புத்தகம்போல அழகாக வரைந்திருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து வின்டர்தூர் கால் மணி நேரம்கூட இல்லை. அதற்குள் நான்கு இடத்தில் அதே ஆடு.

வின்டர்தூர் நிலையத்தில் ரெஜினா அக்கா காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், குட்டையான உருவம், வேகமான நடை. கட்டிப்பிடித்துவிட்டு முதல் வார்த்தையாக, "ஆட்டைப் பாத்தனீங்களோ?" என்றார்.

"பார்த்தேன்க்கா."

"நான் பாக்கிறேல்லை. பஸ்ஸில வேற பக்கம் திரும்பி இருந்திடுவன். ஆனா எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கு."

புதன்கிழமை மாலை எட்டு மணிக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். அக்கா சாம்பல் நிறக் கோட்டும் பாவாடையும் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் சுவிஸ் நாட்டு மந்திரிகள் ஏழு பேரின் பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். குடியுரிமைக்கான நேர்காணல் எல்லாம் முன்பே முடிந்து, ஊர்ச்சபையும் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்திருந்தது. இனி ஊரார் கை தூக்க வேண்டியதுதான் பாக்கி.

அன்றைக்கு இரண்டு பேர் விண்ணப்பம். அக்கா ஒருவர். இன்னொருவர் மார்க்கோ என்ற இத்தாலியர், பெயின்டர். விவாதத்தின்போது விண்ணப்பித்தவர்கள் வெளியே போக வேண்டும். விருந்தாளிகள் உட்காரலாம் என்று ஓரத்தில் ஒரு பெஞ்சைக் காட்டினார்கள். எனக்கு உட்கார மனமில்லை, அக்காவோடு வெளியே வந்துவிட்டேன். பிள்ளைகள் கோட்டு மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்த நடை. மார்க்கோவும் அக்காவும் சுவிஸ் ஜெர்மனில் ஏதோ கேலி பேசிச் சிரித்தார்கள். அக்கா அந்த மொழியில் பேசும்போது குரலே வேறு, கொஞ்சம் கரகரப்பாக, அதிகாரமாக.

உள்ளே ஒரு சிரிப்பொலி கேட்டது. அக்கா பேச்சை நிறுத்தினார்.

"உங்கட வாக்கு எண்ணுப்பட்டதோ எண்டு கண்டுபிடிச்சனீங்களோ?" என்று என்னிடம் கேட்டார், வேறு எதையாவது பேச வேண்டும் என்பதற்காக.

"கண்டுபிடிக்க வழியே இல்லக்கா. ரகசிய வாக்கு."

"இஞ்ச அந்தப் பிரச்சினையே இல்லை. ஆர் ஆர் கை தூக்கினவை எண்டு எல்லாருக்கும் தெரியும். நாளைக்குக் கடையில அவையின்ர முகத்தைத்தான் நான் பாக்கவேணும்."

கதவு திறந்தது. ஊர்ச் செயலாளர் மார்க்கோவின் கையைக் குலுக்கினார். அக்காவிடம் திரும்பித் தலையை அசைத்து, வருத்தத்துக்குரிய விஷயம், இல்லை என்றார். அவ்வளவுதான். மார்க்கோ உள்ளே போக வேண்டும், கைதட்டிக் கூப்பிடுகிறார்கள். அந்த மனிதர் வாசலில் நின்று எங்களையும் உள்ளேயும் மாறி மாறிப் பார்த்தார். அக்காதான் அவர் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பினார்.

பின்னாலேயே கோட்டைக் கையில் பிடித்தபடி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி எல்ஸ்பெத் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். உள்ளே நடந்ததை அக்காவிடம் அவர்கள் மொழியிலும் என்னிடம் ஆங்கிலத்திலும் சொன்னார். ஒருவர் எழுந்து, இந்த அம்மாவை நான் ஊர் விழாவில் ஒருநாளும் பார்த்ததில்லை என்றாராம். இன்னொருவர், பஸ் நிறுத்தத்தில் எப்போதும் அவசரம், நின்று வணக்கம் சொல்வதில்லை என்றாராம். மூன்றாவது ஆள் சனிக்கிழமைச் சமையல் வாசத்தைப் பற்றி ஏதோ சொல்ல, அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். எண்ண வேண்டிய தேவையே வரவில்லை.

உள்ளே போய்க் கேட்கிறேன் என்றேன். என்ன கேட்டிருப்பேன், எந்த மொழியில் கேட்டிருப்பேன், தெரியாது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விழா அண்டைக்கு எனக்கு எப்பவும் வேலை. ஆஸ்பத்திரியில படுக்கை விரிப்பு விழா எண்டு பாக்காது. வாங்கோ, பஸ் வரப்போகுது."

அவர் அழவில்லை. பஸ்ஸிலும் அழவில்லை. வீட்டில் கணவர் கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லாமல் தேநீர் வைக்கப் போனார். அந்த ஒரு விஷயத்துக்காக அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனார். என்னை எங்கடின் என்ற மலைப்பகுதிப் பக்கம் போய்வரச் சொல்லி விரட்டினார். வின்டர்தூரிலிருந்து சூரிச், கூர் மாறி செயின்ட் மோரிட்ஸ், ஒரு வழிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். கூரிலிருந்து போகும் சிவப்பு ரயிலில் வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் பள்ளத்தாக்குக்கு மேல் வளைந்து போகும் பாலம் நன்றாகத் தெரியும். லார்ச் மரங்கள் மஞ்சளாகும் பருவம். எல்லாம் நீங்கள் படத்தில் பார்த்தது போலவே இருக்கிறது, அதைவிட நன்றாகவே. எதிரே ஒரு வயதான தம்பதி. ஆப்பிள் நறுக்கி எனக்கும் கொடுத்தார்கள். எங்கள் நாடு பிடித்திருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார். உங்கள் மலை நன்றாக இருக்கிறது என்றேன். நல்லவர்கள், அவர்களிடம் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. ஆனால் எத்தனை அழகான இடமாக இருந்தால் என்ன, அந்தச் சிரிப்பொலி காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை அக்காவும் நானும் மேற்கே லா ஷோ-து-ஃபோன் என்ற ஊருக்குப் போனோம். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கட்டம் போட்ட நோட்டுபோல நேர்நேரான தெருக்கள், எங்கே திரும்பினாலும் கடிகாரத் தொழிற்சாலை. அக்காவின் அண்ணன் அந்தோணி அங்கே கடிகாரக் கூடு மெருகேற்றும் வேலையில் இருக்கிறார். தங்கை போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். சாப்பாடு பரிமாறிக்கொண்டே ஆரம்பித்தார்.

"நான் இண்டைக்கும் சிலோன் பாஸ்போர்ட்தான். ஆனா 2005-ல இந்த மாநிலத் தேர்தலில வாக்குப் போட்டனான். இஞ்ச வெளிநாட்டுக்காரருக்கும் அஞ்சு வருஷத்தில வாக்குக் குடுக்கிறாங்கள். நீ ஏன் அந்த ஊரில கிடந்து அவமானப்படுறாய்? இஞ்ச வா."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரே நாடு. ரயிலில் மூன்று மணி நேரம். இங்கே அண்ணன் வாக்காளர், அங்கே தங்கை கொக்கிகளுக்கு நடுவே நிற்க வேண்டியவள். இதில் என்ன நியாயம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

அந்த வாரம் முழுக்க உயராத அக்காவின் குரல் அங்கேதான் உயர்ந்தது. "நான் ஏன் அண்ணை வரவேணும்? அது என்ர ஊர். அங்க பதினாறு வருஷமா இருக்கிறன். அங்கதான் எனக்குச் சிநேகிதம், அங்கதான் சேர்ச். சிரிச்சவங்கள் போகட்டும், நான் போகமாட்டன்." மேசையில் தட்டினார், தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் அழுதார்.

திரும்பும் ரயிலில் மேல்முறையீடு செய்வது என்று முடிவானது. ஊர்விழாவுக்கு வரவில்லை என்பதெல்லாம் குடியுரிமை மறுக்கக் காரணமாகாது, உச்ச நீதிமன்றமே காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது என்று எல்ஸ்பெத் விசாரித்து வைத்திருந்தார்.

நான் எடின்பரோ வந்து சேர்ந்த சில நாட்களில் மே மாதத் தேர்தல் பற்றிய விசாரணை அறிக்கை வெளியானது. தாளை வடிவமைக்கும்போது கட்சிகளின் வசதியைப் பார்த்தார்கள், வாக்காளரை யாரும் நினைக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். படித்ததும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆனால் இங்கே தப்பு நடந்தது என்று அரசாங்கமே ஆள் வைத்து எழுத வேண்டியிருந்தது. அக்காவுக்கு அதை நானும் எல்ஸ்பெத்தும் ஒரு வக்கீலும்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மேல்முறையீடு ஜெயித்தது. ஊர் மறுபடி வாக்கெடுக்க வேண்டும் என்று உத்தரவு. அடுத்த ஜூனில் எடுத்தார்கள், இந்த முறை கைகள் உயர்ந்தன. நான் சந்தோஷப்பட்டுப் போன் செய்தபோது அக்கா, "சட்டத்துக்குப் பயந்து தூக்கினவை. பரவாயில்லை, கை கைதானே," என்றார்.

போகிறவர்களுக்கு: 2007-ல் சுவிஸுக்குத் தனி விசா எடுக்க வேண்டியிருந்தது. போன டிசம்பரிலிருந்து ஷெங்கன் விசாவே போதும். பயணிகளுக்கான அரைக் கட்டண அட்டை நான் வாங்கியபோது 99 பிராங்க். எங்கடினும் லா ஷோ-து-ஃபோனும் போனால் தாராளமாகக் கட்டுப்படியாகும். அக்டோபரில் மேலே குளிர் அதிகம், காதை மூட ஏதாவது வேண்டும். கூடவே, முடிந்தால் அங்கே இருக்கும் தமிழர் யாரிடமாவது ஒருநாள் பேசுங்கள். மலையைப் பற்றி அல்ல.

இனி அந்தத் தொலைபேசி. போன மாதம் அக்கா முதல் முறையாக வாக்காளர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொசோவோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் விண்ணப்பம். அவர்களை வெளியே அனுப்பினார்கள். முன்வரிசையில் ஒருவர், இவர்கள் ஊரில் எந்தச் சங்கத்திலாவது இருக்கிறார்களா என்று கேட்டார். அக்கா எழுந்து மைக்கை வாங்கினாராம்.

"நான் கேட்டன், இந்தக் கேள்வியை இஞ்ச பிறந்தவை ஆரிட்டையாவது நீங்கள் கேட்டிருக்கிறியளோ எண்டு. கேட்டவர் கதிரையில இருந்திட்டார், சுமதி. பிறகு கை தூக்கச் சொன்னவை."

"நீங்க தூக்கினீங்களா?"

"ரெண்டு கையும் தூக்கிப்போட்டன். ஒண்டை இறக்கச் சொல்லிச் சொன்னவை."